சினிமாவின் சான்றெழுத்தும் பெற்றோரின் கடமையும்

பி. யு. சின்னப்பாவைத் தந்த புதுக்கோட்டைச் சீமையில் சினிமாவின் பேரில் ஜனங்களுக்குப் பிரியம் இருப்பது அதிசயமல்ல. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கையில் தாய்மார் சிலர் கேட்பதுண்டு: “‘யு’ போட்ட படந்தானே, பிள்ளைகள் பார்க்கலாமல்லவா?” ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல இயலாது. அந்த எழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று முதலில் அறிய வேண்டும்.

நமது தேசத்தில் 1952-ம் வருஷத்துச் சினிமாச் சட்டப்படி தணிக்கைக் குழு படங்களுக்குச் சான்றிதழ் அளிக்கிறது. ‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம். ‘ஏ’ என்றால் 18 வயது நிறைந்தவர் மாத்திரம். 1983-ல் இவற்றோடு ‘யு/ஏ’ சேர்ந்தது. மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழிலாருக்கென்று ‘எஸ்’ என்பதும் வந்தது. 2023-ம் வருஷத்துத் திருத்தம் ‘யு/ஏ’-வை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது. ‘ஏ’ படத்துக்குச் சிறுவரை உள்ளே விடும் கொட்டகைக்காரர் சட்டத்தின் முன் குற்றவாளி. ‘யு/ஏ’ படத்துக்கு அப்படியல்ல. அந்த எண்கள் பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கையே. வாசலில் தடுப்பார் யாரும் இல்லை.

‘ஏ’ என்றாலே ஆபாசம் என்று நினைப்பவர் 1951-ல் வெளிவந்த ‘மர்மயோகி’யை நினைத்துக்கொள்ளட்டும். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்று அதைச் சொல்வார்கள். காரணம், அதில் வரும் பேய்க் காட்சி! பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று கருதினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2011-ல் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்குக்கு ‘யு’ சான்றிதழையும் ஒரு நிபந்தனையாக வைத்தது. ஆகவே அந்த எழுத்துக்காகப் படமெடுப்போர் பாடுபட்டதில் பணப்பையின் கவலையும் கலந்திருந்தது. வேண்டாமென்று சொல்லும் பெண்ணை நாயகன் தெருத் தெருவாய்த் தொடர்ந்து, கடைசியில் அவளும் இணங்குவதாகக் காட்டும் ‘யு’ படங்கள் எத்தனை! இரத்தமும் இல்லை, அசுத்த வார்த்தையும் இல்லை. ஆனால் பதினைந்து வயதுப் பையன் அதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன?

திருச்சபை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. பதினோராம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1936 ஜூன் 29-ல் அமெரிக்க மேற்றிராணிமாருக்கு எழுதிய ‘விஜிலாந்தி கூரா’ நிருபத்தில் சினிமாவைப் பழித்துத் தள்ளவில்லை. நல்ல படம் மனிதரை உயர்த்தும் என்றே சொன்னார். படங்களைப் பார்த்துத் தரம் பிரித்து ஜனங்களுக்கு அறிவிக்க நாட்டுக்கு நாடு ஓர் அலுவலகம் வேண்டுமென்றும் கேட்டார். அமெரிக்கக் கத்தோலிக்கர் 1934-ல் தொடங்கிய சங்கம் அப்படித் தரம் பிரித்தது. வேடிக்கை என்னவெனில், அவர்கள் பட்டியலில் ‘ஏ’ என்றால் குற்றமற்ற படம். ‘சி’ என்றால் கண்டனத்துக்குரியது. நம் ஊரில் அதே ‘ஏ’ வேறு அர்த்தம் கொண்டிருக்கிறது. எழுத்தை மாத்திரம் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு பிசகு, பாருங்கள்.

இப்போது கொட்டகையைவிடக் கைப்பேசியில்தான் படம் அதிகம். அங்கே ஓடும் தொடர்களைத் தணிக்கைக் குழு பார்ப்பதில்லை. 2021-ம் வருஷத்து விதிகளின்படி அந்தந்த நிறுவனமே வயதுக் குறியிட்டுக்கொள்கிறது. 13-ம் அதற்கு மேலும் குறியிட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு ஏற்படுத்தித் தர வேண்டும் என்பதும் விதி. தகப்பன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் உண்டு. அந்தப் பூட்டு இருப்பதே பாட்டிக்குத் தெரியாது. அடுத்த முறை தகப்பன் பேசும்போது, அதைப் போடும் விதத்தை ஒருமுறை சொல்லித் தரும்படி கேளுங்கள்.