எண்ண முடியாத செல்வமும் எண்ணப்படும் கணக்கும்



கோடி, இலட்சம் கோடி என்ற சொற்கள் நாள்தோறும் நம் காதில் விழுகின்றன. வாய் சொல்கிறது, மனம் அதன் அளவை அறிவதில்லை. அளவு அறியாத இடத்தில் வியப்பு வருகிறது. வியப்பின் பின்னால், "நமக்கும் இப்படிக் கிடைக்காதா?" என்ற ஏக்கம் வருகிறது.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் நெல் விளையும் பூமி. ஆகவே நெல்லைக் கொண்டே பார்ப்போம். (நெல்லுக்குரிய ஸகாத் சட்டம் வேறு, இங்கே அது உவமைக்கு மட்டும்.) ஒரு ரூபாய்க்கு ஒரு நெல்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலட்ச ரூபாய் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமான நெல். ஒரு முறத்தில் அடங்கிவிடும். கோடி ரூபாய், 75 கிலோ மூட்டையில் ஏறக்குறைய மூன்று மூட்டை; ஒரு மாட்டுவண்டி போதும்.

2019 மார்ச் மாதம் விப்ரோ நிறுவனத்தின் அஸீம் பிரேம்ஜி அவர்கள், சுமார் 52,750 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளின் பலனைத் தம் அறக்கட்டளைக்கு வழங்கினார்கள். அதை நெல்லாக அளந்தால் ஒன்றரை இலட்சம் மூட்டைக்கு மேல். லாரிக்கு 200 மூட்டை ஏற்றினாலும் எழுநூற்றுக்கு அதிகமான லாரிகள் வேண்டும்!

நொடிக்கு ஒரு ரூபாயாக இரவு பகலாக எண்ணிப் பாருங்கள். இலட்சம் எண்ண ஒரு நாளும் சில மணி நேரமும் ஆகும். கோடி எண்ண 116 நாள். அந்த 52,750 கோடியை எண்ணி முடிக்க 16,700 ஆண்டுகள்! ஹிஜ்ரத் நடந்தே ஏறக்குறைய 1,400 ஆண்டுகள்தாம் ஆகின்றன. அறுபது வயது வாழும் மனிதனுக்கு அல்லாஹ் தந்த நொடிகளோ மொத்தம் 189 கோடிதான். எண்ணி முடிக்கவே ஆயுள் போதாத பொருளை அனுபவித்து முடிப்பது எங்ஙனம்?

திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தில் காரூனின் செல்வத்தைப் பற்றி அல்லாஹு தஆலா கூறும்போது, தொகையைச் சொல்லவில்லை. அவனுடைய கஜானாச் சாவிகளே பலசாலிகளின் கூட்டத்துக்குப் பாரமாக இருந்ததைச் சொல்கிறான். அவன் பகட்டைக் கண்டு ஏங்கியவர்கள், பூமி அவனை விழுங்கிய பின் தங்கள் ஏக்கத்துக்காக வருந்தினார்கள்.

மறுமையிலோ சாவியின் பாரமன்று, கணக்கின் பாரம். ஆயுள், இளமை, கல்வி பற்றியெல்லாம் விசாரணை உண்டு. பொருளுக்கு மட்டும் இரண்டு கேள்விகள்: எப்படிச் சம்பாதித்தாய்? எதில் செலவழித்தாய்? ஹதீஸ் நமக்கு அறிவிக்கும் செய்தி இது. எங்கள் ஊரின் சோழர் காலக் கல்வெட்டு (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விலக்குகிறது. ஊர்ச் சபையே கணக்குக் கேட்டதென்றால், மஹ்ஷரின் அதிபதி கேட்கமாட்டானா?

"கோடி கிடைத்தால் அள்ளிக் கொடுப்பேன்" என்கிறோம். நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்த பொருளில் 40-ல் ஒரு பங்கு ஸகாத். கோடிக்கும் அதே விகிதம், இலட்சத்துக்கும் அதே விகிதம். இலட்சத்தில் 2,500 ரூபாயைப் பிரிக்கக் கை நடுங்குபவன், கோடியில் இரண்டரை இலட்சத்தைப் பிரிப்பானா? தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தில் சகோதரியின் பங்கைக் கொடுத்துவிட்டோமா? கூலியாளின் பாக்கி தீர்ந்ததா?

பணக்காரர்களின் மூட்டைகளை அவர்களிடம் அல்லாஹ் எண்ணிக்கொள்வான். நம் முறத்திலுள்ள நெல்லை, இன்றே நாம் எண்ணிவிடுவோம்.

ஹலாலான பொருளையும் இலேசான கணக்கையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.