ஸ்குவின்ட்: கண் கோணலா, கண்ணை இடுக்கலா?

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எங்கள் மேல்வீட்டு உம்மா ஒருவர் போன வாரம் மகனின் கொப்பியோடு இறங்கி வந்தார். பிள்ளை கரும்பலகையைப் பார்க்கும்போது 'ஸ்குவின்ட்' பண்ணுகிறான் என்று ஆங்கில டீச்சர் எழுதியிருந்தார். "வாக்குக்கண் எண்டா சொல்றாங்க, நானா? இவன்ட கண்ணு நேராத்தானே இருக்கு. அப்பிடி இருந்தாலும் அது அதிஷ்டமெண்டு எங்கட மூத்தும்மா சொல்லுவாங்க."

இரண்டும் பிழை. முதலாவதில் அவர்மீது குற்றமில்லை, அந்தச் சொல்லே அப்படிப்பட்டது. பிரித்தானிய ஆங்கிலத்தில், ஆகவே நமது ஆஸ்பத்திரிகளிலும், ஸ்குவின்ட் என்றால் வாக்குக்கண். அமெரிக்கரிடம் அது பெரும்பாலும் கண்ணை இடுக்கிப் பார்ப்பது. டீச்சர் சொன்னது இதைத்தான். இடுக்கும்போது கண்ணுக்குள் நுழையும் ஒளி குறுகி எழுத்து கொஞ்சம் தெளியும். தூரம் தெரியாத பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைப் பழகிக்கொள்கிறார்கள். போதாததற்கு, பழைய ஆங்கிலத் தேவாலயங்களில் ஓரத்தில் நிற்பவருக்கும் பலிபீடம் தெரியட்டும் என்று சுவரில் சாய்வாகக் குடைந்த துளைக்கும் இதே பெயர்.

ஆங்கிலச் சொல் எதைத் தோண்டினாலும் கடைசியில் லத்தீனோ கிரேக்கமோ வரும் என்று டியூஷனில் சொல்வார்கள். இங்கே வராது. ஓரமாகப் பார்ப்பதைக் குறிக்க 13ஆம் நூற்றாண்டிலேயே 'அஸ்குவின்ட்' என்ற சொல் இருந்தது. முதலெழுத்து உதிர்ந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்குவின்ட் ஆனது. சாய்வைக் குறிக்கும் டச்சுச் சொல்லொன்று உறவாக இருக்கலாம் என்பது ஊகம். அதற்குமேல் அகராதிகள் வாய் திறப்பதில்லை. கிரேக்க வேர் உள்ளது டாக்டர்களின் 'ஸ்ட்ராபிஸ்மஸ்' என்ற சொல்லுக்குத்தான்.

நமது வாக்குக்கண்ணுக்கும் வாக்களிப்புக்கும் உறவில்லை. அந்த வாக்கு, கோணல். (தேர்தல் காலத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நான் பொறுப்பில்லை.) ஓரமாகப் பார்ப்பதை ஆங்கிலேயர் சந்தேகத்தோடு சேர்த்துவிட்டார்கள், நமக்கோ கடைக்கண் பார்வை என்றால் அருள்.

இனி அந்த அதிர்ஷ்டம். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் கண்ணைக் கோணலாக்குவது ஒரு பேயின் வேலை. மூத்தும்மாவின் கட்சிக்கும் ஆளில்லாமல் இல்லை: 724 முதல் 743 வரை ஆண்ட உமையா கலீபா ஹிஷாமுக்கு 'அல்-அஹ்வல்', அதாவது வாக்குக்கண்ணர் என்றே பட்டப்பெயர்.

ஆனால் பேயும் அதிர்ஷ்டமும் இல்லாமலே இது நடக்கிறது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. கண்கள் ஆளுக்கொரு திசையில் நின்றால் மூளைக்கு இரண்டு படங்கள் போகும். சிறுபிள்ளையின் மூளை அந்தக் குழப்பம் தாங்காமல் ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணிநேரம் மூடிவைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்தால் அது தேறும். இதற்கு ஏழெட்டு வயதுக்கு முந்திய காலமே நல்ல காலம். தசையில் செய்யும் சத்திரசிகிச்சை பெரியவர்களுக்கும் உண்டு, கண் நேராகும். சிறுவயதில் தொலைந்த பார்வை திரும்புவது கஷ்டம். அதிர்ஷ்டமென்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் இழப்பது அந்த வருடங்களைத்தான்.

வளர வளரச் சரியாகிவிடும் என்பதில் பாதி உண்மை. பிறந்து மூன்று நான்கு மாதம்வரை கண் இடைக்கிடை விலகினால் பயப்படத் தேவையில்லை. பிறகும் விலகினால் காட்டத்தான் வேண்டும். மூக்குத்தண்டு அகன்ற குழந்தைக்கு நேரான கண்ணும் கோணலாகத் தெரிவதுண்டு. விழித்திரைப் புற்றுநோய் முதலில் கண் விலகலாகத் தலைகாட்டுவதும் உண்டு. எது எதுவென்று நானும் மூத்தும்மாவும் சொல்ல முடியாது.

மேல்வீட்டுப் பையனுக்குத் தேவை பார்வைச் சோதனை. தேசிய கண் வைத்தியசாலை மாளிகாவத்தையிலிருந்து மருதானையைத் தாண்டினால் வந்துவிடும். அரச வைத்தியசாலை, காசு கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் கண்ணை இடுக்கும் பிள்ளையோ கண் விலகும் பிள்ளையோ இருந்தால் அடுத்த விடுமுறைவரை பார்த்துக்கொண்டிராமல் கூட்டிக்கொண்டு போங்கள்.