சீனி, பிரஷர் இருந்தால் காப்புறுதி கிடைக்குமா?

குடும்பப் பாடம்



"எனக்குச் சீனி இருக்கு. மாசா மாசம் கிளினிக் போறேன். நாளைக்குக் கை கால் விழுந்துட்டா புள்ளைங்க கதி என்ன? இன்சூரன்ஸ் எடுக்கலாமா?" அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து லயங்களில் பலரும் கேட்கும் கேள்வி இது.

பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்று, நமக்கு என்ன நோய் என்று முதலில் கேட்டுவிட்டுத் தரும் கம்பெனிக் காப்புறுதி. மற்றது, செக்ரோலில் பேர் பதிந்து வேலை செய்வதால் சட்டப்படி வருவது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

1. கம்பெனிக் காப்புறுதி

விண்ணப்பப் படிவத்தில் சீனி, பிரஷர், இருதய நோய், இழுப்பு உண்டா, ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா என்று கேட்பார்கள். நோய் இருக்கிறது என்று சொன்னால் எல்லாக் கம்பெனியும் கதவை மூடிவிடாது. வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தவணைக் கட்டணத்தைக் கூட்டிக் கேட்கலாம். அந்த நோயால் வரும் ஊனத்துக்கு மட்டும் பணம் இல்லை என்று எழுதித் தரலாம். சில காலம் கழித்தே பணம் கேட்கலாம் என்று நிபந்தனை போடலாம். மறுக்கவும் கூடும். ஓர் இடத்தில் மறுத்தால் இன்னோர் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். விபத்தால் வரும் ஊனத்துக்கு மட்டுமான காப்புறுதி, பழைய நோய் உள்ளவருக்கும் பெரும்பாலும் எளிதில் கிடைக்கும்.

"சீனியை எழுதாதீங்க அண்ணே, கட்டணம் கூடும்" என்று முகவர் சொன்னால் கேட்க வேண்டாம். காப்புறுதி உண்மையை மறைக்காத நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மறைத்தது பின்னால் தெரிந்தால், வருஷக்கணக்காகக் கட்டியிருந்தாலும் பணம் தர மறுக்கலாம். உங்கள் கிளினிக் கொப்பியே சாட்சியாகிவிடும். படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கிற பிள்ளையை வைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிரதி ஒன்று வாங்கி வையுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் "எதற்குப் பணம் இல்லை" என்ற பகுதியை முதலில் பாருங்கள். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதும் அதிலேயே இருக்கும். கம்பெனி அநியாயமாக மறுத்ததாக நினைத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம்.

2. சட்டப்படி உள்ள பாதுகாப்பு

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம்: 1934ஆம் ஆண்டு முதல் உள்ளது. வேலையால், வேலை நேரத்தில் ஏற்பட்ட விபத்தில் ஊனமோ மரணமோ நேர்ந்தால் நிர்வாகம் நட்டஈடு தரவேண்டும். இதற்கு நாம் ஒரு சதமும் கட்டுவதில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவானது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது.

"ஒனக்கு முன்னாடியே வருத்தம் இருந்துச்சே" என்று சொன்னால்? இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியின் பெரிய இரத்தக்குழாய் வீங்கியிருந்தது; தூக்கத்தில்கூட வெடித்திருக்கலாம். அவர் வேலையில் ஒரு நட்டை முறுக்கும்போது அது வெடித்து இறந்தார். இதுவும் வேலை விபத்துத்தான் என்று 1910ஆம் ஆண்டு அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தீர்த்தது. நமது சட்டத்தின் வாசகமும் அந்தச் சட்டத்தை ஒட்டியதே. எனவே பழைய நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் உரிமை போய்விடாது. வேலைதான் காயத்தைக் கொண்டுவந்தது என்று காட்டவேண்டும்.

ஊழியர் சேமலாப நிதி: சம்பளத்தில் நமது பங்கு 8 வீதம், நிர்வாகத்தின் பங்கு 12 வீதம். இனி வேலை செய்யவே முடியாது என்று வைத்தியர் அத்தாட்சி தந்தால், வயது வரும்வரை காத்திராமல் பணத்தை எடுக்கலாம். நோய் எப்போது தொடங்கியது என்பது இங்கே கேள்வியில்லை.

ஊழியர் நம்பிக்கை நிதி: நிர்வாகம் மட்டும் 3 வீதம் கட்டுகிறது. வேலையில் உள்ள அங்கத்தவருக்கு நிரந்தர ஊனம், மரணம், இருதய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு உதவி உண்டு.

சேவைக்காலப் பணம்: 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருஷம் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் கிடைக்கும்.

ஆகவே, நோய் உள்ளவர்கள் பேரை வெட்டிக்கொண்டு கைக்காசுக்குப் போகுமுன் நன்றாக யோசியுங்கள். கைக்காசு கூடத் தெரியலாம். ஆனால் போகும் இடத்தில் நிதி கட்டுகிறார்களா என்று கேளுங்கள். கட்டாவிட்டால், விழுந்த அன்று கையில் ஒன்றுமிருக்காது.

3. விபத்து நடந்தால்

• சின்னக் காயம் என்று விடாமல் அன்றே கங்காணியிடம் சொல்லி, தோட்ட டிஸ்பென்சரியில் பதியுங்கள்.
• மலையில் வழுக்கி விழுந்ததா, கவ்வாத்துக் கத்தி பட்டதா என்பதை ஆஸ்பத்திரியில் உள்ளபடி சொல்லுங்கள். "கீழே விழுந்தேன்" என்று மட்டும் சொன்னால் வீட்டில் விழுந்ததாக எழுதப்படலாம்.
• பார்த்தவர்கள் இருவரின் பேரைக் குறித்து வையுங்கள்.
• டிக்கட், மருந்துத் துண்டு ஒன்றையும் வீசாதீர்கள்.
• "முழுக்கணக்கும் தீர்ந்தது" என்ற கடிதத்தில், தொழிற்சங்கத்திலோ தொழில் காரியாலயத்திலோ வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

4. வீட்டில் செய்யும் பயிற்சி

இந்த ஞாயிறு குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள்:

அ. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், சேமலாப நிதி அட்டை மூன்றிலும் பேர் ஒன்றுபோல் இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினாலும் பணம் வரத் தாமதமாகும். உடம்பு நன்றாக உள்ளபோதே திருத்துங்கள்.
ஆ. பின்னுரித்தாளியாக யாரை எழுதியிருக்கிறீர்கள்? அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா?
இ. கிளினிக் கொப்பியும் பழைய துண்டுகளும் ஒரே பையில் இருக்கின்றனவா?
ஈ. காப்புறுதி எடுத்தவர் வீட்டில் இருந்தால், படிவத்தில் நோயைச் சரியாக எழுதினாரா? இல்லையென்றால் இப்போதே கம்பெனிக்கு எழுத்தில் அறிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை; பிள்ளைகளுக்குப் பணம் கிடைப்பதுதான் முக்கியம்.