பதில் வந்தால்தான் லைன்

அன்புள்ள தம்பி,

மேடை நிகழ்ச்சிகளின் இண்டர்காம் இனி உன் பொறுப்பு என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. ஸ்பீக்கரில் வருவதை அரங்கமே கேட்கும்; நீ போடும் லைனைக் கேட்பவர்கள் ஸ்டேஜ் மேனேஜர், லைட் ஆபரேட்டர், கேமராக்காரர்கள், மேலே நின்று பாரம் ஏற்றி இறக்குபவர் என்று சிலர்தான். ஆனால் பாரம் இறங்கும்போது ‘நிறுத்து’ என்ற ஒரு சொல் போய்ச் சேராவிட்டால் கீழே நிற்பவர் தலைக்கு ஆபத்து. ஆகவே மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு இண்டர்காமைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே.

முதலில் பழைய முறையைப் படித்துக்கொள். கிளியர்-காம் நிறுவனம் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அவர்களுடைய பார்ட்டி லைன் முறை இன்றும் பல அரங்குகளில் ஓடுகிறது. மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் முதல் முள் கிரவுண்ட், இரண்டாவது 30 வோல்ட் டி.சி., மூன்றாவது பேச்சு. பேசுபவர் இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக்கில் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பேச்சும் வந்துவிடும். அந்த நம்பிக்கையோடு நெட்வொர்க் இண்டர்காமுக்கு வருகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். இங்கேயும் பவரும் குரலும் ஒரே ஈதர்நெட் கேபிளில்தான் வருகின்றன. ஆனால் விளக்கு எரிவது பவருக்கு மட்டுமே சாட்சி. பவர், கிளாக், ரூட்டிங், ஹெட்செட் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போ. குறுக்கே தாவினால் இல்லாத கோளாறைத் தேடி நேரம் போகும்.

பவர் தருவது ஸ்விட்ச். பி.ஓ.இ. என்று நாம் சொல்லும் முறைக்கு 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். 100 மீட்டர் கேபிளில் கரைந்ததுபோக, பெல்ட்பேக் போன்ற பேசும் கருவிக்கு, அதாவது ஸ்டேஷனுக்கு, உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் இவை 30, 25.5. ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைத் தள்ளிவிடாது. முதலில் சிறிய வோல்ட்டேஜ் அனுப்பி, எதிர்முனையில் 25 கிலோ ஓம் இருக்கிறதா என்று பார்க்கும்; இருந்தால்தான் முழு வோல்ட்டேஜும் போகும். கேட்காமலே 24 வோல்ட் தள்ளும் மலிவு இன்ஜெக்டர்களை நம் கருவிகளின் பக்கமே கொண்டுவராதே.

கணக்குப் போடாமல் ஸ்விட்ச் வாங்காதே. எட்டு போர்ட்டிலும் பி.ஓ.இ. என்று பெட்டியில் போட்டிருக்கும். மொத்தமே 65 வாட்தான் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். எட்டு ஸ்டேஷனும் முழு அளவு கேட்டால் 123 வாட் வேண்டும். போதாதபோது ஸ்விட்ச் ஏதோ ஒரு போர்ட்டைக் கைவிடும். அது ஸ்டேஜ் மேனேஜருடையதாக இருக்கக் கூடாது. அந்தப் போர்ட்டுக்கு முன்னுரிமையை நீயே அமைத்துவை. ஸ்விட்ச்சை யு.பி.எஸ்.ஸில் போடு. கரண்ட் ஒரு நொடி போனால்கூட ஸ்விட்ச் திரும்ப எழும்வரை எல்லா ஸ்டேஷனும் ஊமைதான்.

அடுத்தது கிளாக். நெட்வொர்க்கில் குரலைக் கொண்டுபோகப் பரவலாகப் புழங்கும் டான்டே முறை, ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனத்துடையது. அதில் ஒரு கருவி நேரம் சொல்ல, மற்றவை பின்பற்றும். மின்சாரம் மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் 802.3ஏஇசட் வசதி ஸ்விட்ச்சில் இருந்தால் அணைத்துவிடு. பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தி, குரலில் ‘டிக் டிக்’ என்ற வெட்டை அது உண்டாக்கக்கூடும். சாம்பிள் ரேட் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கட்டும்; 48 கிலோஹெர்ட்ஸ்தான் வழக்கம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ரூட்டிங். லேப்டாப்பில் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளைத் திறந்தால் அனுப்புபவை மேலே, பெறுபவை இடப்பக்கம். கட்டத்தில் சொடுக்கினால் பச்சை டிக் விழும். இப்படி எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டால் நான்கு பேர் கூடிப் பேசலாம் என்று தோன்றும். நடக்காது. ஒரு குரலைப் பலருக்கு அனுப்பலாம். ஆனால் பெறும் சேனல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு குரலைத்தான் ஏற்கும். இரண்டாவதை இணைத்தால் முதலாவது போய்விடும். நாலு பேர் பேச, எல்லாக் குரலையும் வாங்கிக் கலக்கும் இண்டர்காம் இன்ஜின் ஒன்று நடுவில் வேண்டும். அதுவும் ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலை மட்டும் கழித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தன் குரலே சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்தால் எவருக்கும் பேச்சு குழறும். தன் குரல் தனக்குக் கேட்பதற்குத்தான் பெல்ட்பேக்கிலேயே சைட்டோன் இருக்கிறது.

கருவிக்குப் பெயர் வைத்துவிட்டு டிக் போடு. இணைப்பு பெயரை வைத்துத்தான் நிற்கிறது. பிறகு பெயரை மாற்றினால் அறுந்துவிடும். பெறும் கருவியே இணைப்பை நினைவில் வைத்துக்கொள்வதால் டிக் போட்டபின் லேப்டாப்பை மூடிவிடலாம். ஸ்டேஷனில் இரண்டு போர்ட் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிடாதே. ஸ்விட்ச்டு முறையில் அது வளையமாகி நெட்வொர்க் முழுவதையும் முடக்கிவிடும். மாற்று வழி வேண்டுமென்றால் ரிடண்டன்ட் முறைக்கு மாற்றி, இரண்டாவது போர்ட்டைத் தனி ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோ.

கடைசியாக ஹெட்செட். பெரும்பாலும் நான்கு முள்: முதல் இரண்டும் மைக், அடுத்த இரண்டும் இயர்போன். மைக் டைனமிக்கா எலெக்ட்ரெட்டா என்று பார்த்து ஸ்டேஷனில் அதற்கேற்ப அமை. எலெக்ட்ரெட்டுக்குச் சிறு வோல்ட்டேஜ் போகாவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பேசுபவர் குரல் கேட்காது.

எந்த ஸ்டேஷன் எந்தப் போர்ட்டில், எத்தனை வாட், என்ன பெயர் என்று ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவை. நீ விடுப்பில் இருக்கும் நாளில் வேலை பார்ப்பவர் உன்னை வாழ்த்துவார். ரசிகர்களுக்குக் கதவு திறப்பதற்கு முன் ஒவ்வோர் இடத்துக்கும் நடந்துபோய், அங்கிருக்கும் ஹெட்செட்டையே மாட்டிப் பேசிப் பார். கன்ட்ரோலரில் எல்லாம் பச்சையாக இருக்கலாம், ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் எரியலாம். மறுமுனையிலிருந்து பதில் வராத லைனை மட்டும் ‘ரெடி’ என்று ஒருபோதும் சொல்லாதே.

அன்புடன்,
உன் அண்ணன்