பிளாஸ்டரில் நின்ற யாழ்

அன்புள்ள மருமகளுக்கு,

களிமண்ணில் நீ செய்த யானையின் தும்பிக்கை இரண்டாம் நாளே வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இனி மண்ணையே தொடப்போவதில்லை என்று கடைசி வரியில் சேர்த்திருந்தாய். தும்பிக்கைக்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதற்கு முன், மண்ணைத் தொட்டதற்காகவே அடி வாங்கிய ஒரு சிறுமியைப் பற்றிக் கேள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் செங்கல் அறுத்த ஊர் என்பதால் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. 1892-ல் அங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த அகஸ்டா, பதினான்கு பிள்ளைகளில் ஏழாவது. மற்றப் பிள்ளைகள் மண்ணில் சோறாக்கி விளையாடினால் அவள் வாத்து செய்வாள். தந்தை மெதடிஸ்ட் சபைப் போதகர். உருவம் செய்வது பாவம் என்பது அவர் எண்ணம். வாரத்துக்கு நாலைந்து முறை அடி விழும் என்று அகஸ்டாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். குடும்பம் வெஸ்ட் பாம் பீச்சுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே களிமண் கிடைப்பதே அரிது. ஒரு குயவரிடம் கேட்டு வாங்கிய மண்ணில்தான் மறுபடி தொடங்கினாள். அந்த மண்ணில் செய்த கன்னி மரியாள் உருவத்தைப் பார்த்த பிறகு தந்தையின் கோபமும் தணிந்தது.

1921-ல் அவர் நியூயார்க் வந்து இறங்கியபோது கையில் இருந்தது 4 டாலர் 60 சென்ட். இரண்டாவது கணவர் வழியாக வந்த பெயரோடு அப்போது அவர் அகஸ்டா சாவேஜ். அப்போது கட்டணம் வாங்காத கூப்பர் யூனியன் கலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தார்.

அவர் குடியேறிய ஹார்லெமைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டையும் நிறவெறிச் சட்டங்களையும் விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களில் பலருக்கு ஹார்லெம்தான் கடைசி நிறுத்தம். அதே 1921-ல் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இளைஞர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தார், கவிஞரானார். 1924-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் இசைக்குழுவில் வாசிக்க நியூயார்க் வந்தார். 1925 ஜனவரியில் ஒன்றரை டாலரோடு ஸோரா நீல் ஹர்ஸ்டன் வந்து சேர்ந்தார். பின்னாளில் நாவல்கள் எழுதியவர், தெற்கின் நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராகப் போய்த் திரட்டியவர். ஹார்லெம் மறுமலர்ச்சி என்று இன்று புத்தகங்களில் படிக்கிறோமே, அதை உண்டாக்கியவர்கள் இப்படி வந்து இறங்கியவர்கள்தான்.

1923-ல் பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோ அரண்மனையில் நடக்கும் கோடைகாலக் கலைப்பள்ளிக்கு அமெரிக்க மாணவிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அகஸ்டாவும் விண்ணப்பித்தார். கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் தேர்வுக்குழு மறுத்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை; செய்தித்தாளுக்கே எழுதினார். அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் அவருக்காக வாதாடினார். குழு அசையவில்லை. குழுவில் இருந்த ஹெர்மன் மக்நீல் என்ற சிற்பி மட்டும் தம்மிடம் வந்து பயிலும்படி அழைத்தார். 1925-ல் ரோமில் படிக்க உதவித்தொகை கிடைத்தது, ஆனால் கப்பல் செலவுக்குப் பணம் சேரவில்லை. சலவை நிலையத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவருக்கு அது எங்கிருந்து வரும்? ஒரு தடவை நிறம் தடுத்தது, மறுதடவை காசு தடுத்தது. இரண்டும் அவருக்கு ஒரே கதவாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு 1929 வாக்கில் ஒரு பையனின் தலையைச் செய்தார். தெருவில் திரியும் பையன் என்று பொருள்படும் ‘காமின்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அதன் பெயர். படம் கிடைத்தால் கொஞ்ச நேரம் நின்று பார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, சட்டைக் காலர் கசங்கியிருக்கிறது. உதட்டில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வயதுக்கு மீறி எதையோ பார்த்துவிட்ட பையனின் சாய்ந்த பார்வை. கறுப்பு முகங்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்து பழகிய ஒரு நாட்டில், அந்த முகத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த கை அவருடையது. அந்தச் சிறிய தலைதான் ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகையை வாங்கித் தந்து அவரைப் பாரிசுக்கு அனுப்பியது.

அந்தத் தலையை முதலில் எதில் செய்தார் தெரியுமா? பிளாஸ்டரில். வெண்கலம் போலத் தோன்ற மேலே நிறம் பூசினார். இங்கேதான் நீ மற்றக் கலைகளோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இசை. மெழுகுத் தட்டில் விழுந்த அந்த ஒலியிலிருந்து உலோக அச்சு எடுத்து, ஆயிரக்கணக்கில் இசைத்தட்டு அழுத்தினார்கள். நூறு தட்டு உடைந்தாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒன்று மிஞ்சும். இன்று உன் கைபேசியில் அது கேட்கிறது. ஹியூஸின் கவிதைகள் பத்திரிகைத் தாளில் அச்சாகிப் பரவின. ஸோரா 1960-ல் வறுமையில் இறந்தபோது அவருடைய தாள்களை எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரை அறிந்த ஒரு காவல் அதிகாரி அந்த வழியாக வந்தார். தீயை அணைத்துத் தாள்களை மீட்டார். அந்த அதிகாரி வராமல் போயிருந்தாலும், ஸோராவின் நாவல்கள் ஏற்கெனவே அச்சாகி நூலகங்களில் இருந்தன. சிற்பிக்கு அந்தக் காப்பு கிடையாது. மண்ணில் செய்ததற்குப் பிளாஸ்டரில் அச்செடுக்க வேண்டும், பிறகு வார்ப்புப் பட்டறைக்குக் கொடுத்து வெண்கலத்தில் ஊற்ற வேண்டும். பட்டறைக் கூலி இல்லையென்றால் வேலை பிளாஸ்டரோடு நின்றுவிடும். கீழே விழுந்தால் உடையும், ஈரம் பட்டால் ஊறும், வைக்க இடம் இல்லையென்றால் குப்பைக்குப் போகும். அகஸ்டா செய்தவற்றில் பெரும்பகுதி இன்று இல்லாமல் போனதற்குத் திறமைக்குறைவு காரணம் இல்லை.

1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவரிடம் ஒரு சிற்பம் கேட்டார்கள். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1900-ல் எழுதி, அவர் தம்பி ரோசமண்ட் இசையமைத்த பாட்டு ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதம் என்றே போற்றும் பாட்டு. அதை அகஸ்டா யாழாக்கினார். 16 அடி உயரம். வரிசையாக நின்று பாடும் பன்னிரண்டு பேர்தான் அதன் நரம்புகள். முன்னால் உயர்ந்து நிற்பவரிலிருந்து பின்னால் குறுகிக்கொண்டே போகும் அந்த உடல்களில், அங்கியின் மடிப்புகள் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக இறங்கி, மீட்டத் தயாராக இழுத்துக் கட்டிய தந்திகளாகவே தெரியும். அடியில் அவர்களைத் தாங்குவது கடவுளின் ஒரு கை. முன்னால் ஒருவர் மண்டியிட்டு, இசைக்குறிப்பை ஏந்தியிருக்கிறார். கருங்கல் போலத் தோன்ற நிறம் பூசியிருந்தாலும் இதுவும் பிளாஸ்டர்தான். கண்காட்சிக்கு வந்தவர்கள் விரும்பிப் பார்த்தார்கள். அதன் சிறு உலோகப் பிரதிகளை நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றார்கள். கண்காட்சி முடிந்தது. வெண்கலத்தில் வார்க்கவும் பணம் இல்லை, பத்திரமாக எடுத்து வைக்கவும் பணம் இல்லை. மற்றக் கட்டுமானங்களோடு சேர்த்து புல்டோசர் வைத்து இடித்துவிட்டார்கள். இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அந்தச் சிற்பத்துக்காகத்தான் ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விடுப்பு எடுத்திருந்தார். 1937-ல் தொடங்கிய அந்த மையத்தின் முதல் இயக்குநரே அவர். திரும்பி வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் வேறொருவர்.

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. ஜேக்கப் லாரன்ஸ் என்ற பையனை அரசின் வேலைத்திட்டத்தில் ஓவியராகச் சேர்க்க அழைத்துப் போனார். 21 வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் அதை மறந்தே போனான். அகஸ்டா மறக்கவில்லை, ஓர் ஆண்டு கழித்து மறுபடி கூட்டிப் போனார். வாரம் 23 டாலர் 86 சென்ட் சம்பளம். வேலை, ஓவியம் வரைவது மட்டும்! தெற்கிலிருந்து வடக்கே வந்த அந்தப் பெரும் பயணத்தை லாரன்ஸ் பிறகு 60 சிறு பலகைகளில் வரைந்தார். பலகைகளைத் தயார் செய்ய உதவியவர் க்வெண்டலின் நைட். அவரும் அகஸ்டாவின் மாணவி, 1941-ல் லாரன்ஸை மணந்தவர். லாரன்ஸ் அறுபதையும் வரிசையாகப் பரப்பிவைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் அது வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசிய பிறகே அடுத்த நிறத்துக்குப் போவார். அதனால்தான் முதல் பலகையின் நீலமும் கடைசிப் பலகையின் நீலமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒற்றை எண் பலகைகள் வாஷிங்டனில் ஃபிலிப்ஸ் சேகரிப்பில் உள்ளன, இரட்டை எண் பலகைகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்.

அகஸ்டா பிற்காலத்தில் நியூயார்க் நகரை விட்டு வடக்கே சாகர்டீஸ் என்ற ஊரின் ஒரு சிறு பண்ணை வீட்டில் இருந்தார். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மண் பிசையக் கற்றுக்கொடுத்தார். 1962-ல் மறைந்தார்.

இப்போது உன் யானை. வெயிலில் வைத்திருப்பாய். மேல்மண் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில்தான் தும்பிக்கை வெடித்தது. அடுத்ததை நிழலில் வை. தும்பிக்கையும் காதும் மெல்லியவை, முதலில் காய்ந்துவிடும். அவற்றின்மேல் ஈரத்துணி போட்டு மூடு. வயிற்றைக் குடைந்து உள்ளே வெற்றிடம் விடு. ஒரு வாரம் அவசரப்படாமல் இரு. காய்ந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா