ஈஸா (அலை) அவர்களும் வரலாற்றுச் சான்றுகளும்

"ஏசு என்றொருவர் வாழவே இல்லை, எல்லாம் பிற்காலத்தார் கட்டிய கதை" என்று வாதிடுவோர் உண்டு. கிறிஸ்தவ நண்பர்களுடன் தர்க்கம் செய்யும்போது நம்மவரிலும் சிலர் இவ்வாதத்தைக் கையில் எடுக்கின்றனர். அது யாருக்கு எதிரான ஆயுதம் என்பதைச் சற்று சிந்திக்க வேண்டாமா? ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் தூதரென ஏற்பது நம் ஈமானைச் சேர்ந்தது. அவர்கள் வாழவில்லை என்போர் நம் அடித்தளத்தையே தகர்க்கின்றனர்.

வரலாறு என்ன கூறுகிறது?

யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கி.பி. 93-94ல் முடித்த நூலில் ஏசு இரு இடங்களில் பேசப்படுகிறார். அவற்றில் ஒன்றில் கிறிஸ்தவர்களின் பிற்காலச் சேர்க்கை உண்டென்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அவருடைய சகோதரர் யாக்கோபைப் பற்றிய மற்றக் குறிப்பைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். அந்த யாக்கோபை ஜெருசலத்தில் நேரில் கண்டதாகப் பவுல் எழுதியுள்ளார். ரோமானியர் டாசிட்டஸ், கிறிஸ்து என்பவருக்குப் பிலாத்து மரண தண்டனை விதித்ததாகக் கி.பி. 116 அளவில் எழுதினார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லொன்று 1961ல் செசரியாவில் கிடைத்தது. எனவே ஏசு வாழ்ந்தார் என்பதை, மதநம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் ஒப்புகின்றனர்.

ஆனால், ஒருவர் வாழ்ந்தார் என்பது வேறு; அவரைப் பற்றி எழுதப்பட்ட அனைத்தும் மாறாமல் வந்துள்ளது என்பது வேறு. மாற்கு சுவிசேஷத்தின் இறுதி 12 வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. இதைக் கிறிஸ்தவ அறிஞர்களே வெளிப்படையாகக் கூறுகின்றனர்.

"அப்படியானால் டாசிட்டஸ் சொல்லும் மரணத்தை நீங்கள் ஏற்கிறீர்களா?" என்று எதிர்த்தரப்பார் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வரலாற்றாசிரியர்களிற் பெரும்பாலோர் அதை ஏற்கின்றனர் என்பதை நாம் மறைக்கலாகாது. மக்கள் கண்டதாகவும் கேட்டதாகவும் சொன்னவற்றிலிருந்தே வரலாறு எழுதப்படுகிறது. ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை. மக்களுக்கு அவ்வாறு தோற்றமளித்தது என்பதை நாம் திருக்குர்ஆனைக் கொண்டே நம்புகிறோம். இது வஹீயின் மீதுள்ள ஈமான் என்று நேராகச் சொல்வதே அழகு.

வாதத்தில் வெல்வதற்காகப் பொய்யைத் துணைக்கழைப்பது முஸ்லிமுக்கு ஆகாது. நம் பிள்ளைகளுக்கு இதையே கற்பிப்போமாக. வல்ல அல்லாஹ் நமக்கு உண்மையைப் பேசும் நாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.