எலீனா தேர்ந்த வழி

முன்னுரை

மேற்படிப்புக்கு உரிய இடத்தைத் தேர்ந்தெடுப்பது மாணவ வாழ்வின் பெரிய முடிவுகளுள் ஒன்றாகும். புகழ்மிக்க நிறுவனம் ஒன்று தானே முன்வந்து அழைக்கும்போது, அதனை மறுக்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்க இயலும்? அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை எலீனா டெல்லடானின் வாழ்க்கை இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

கல்லூரி என்னும் படிக்கட்டு

அமெரிக்காவில் மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1997ஆம் ஆண்டு தன் முதல் ஆட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டு வீராங்கனை ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் அதில் சேர இயலாது. பெரும்பாலோர் நான்கு ஆண்டுகள் கல்லூரி அணியில் ஆடிய பின்னரே, ஏறத்தாழ 22ஆம் வயதில், தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு உரியவர் ஆகின்றனர். ஆகவே, ஒரு மாணவி தம் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சியாளரையும் தோழியரையும் எதிர்காலத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

அக்கல்லூரி அணிகளுள் தனிச்சிறப்பு உடையது கனெடிகட் பல்கலைக்கழக அணி. ஜீனோ ஆரியெம்மா 1985ஆம் ஆண்டு முதல் அதற்குப் பயிற்சி அளித்து வருகிறார். அவ்வணி 1995ஆம் ஆண்டு முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது. 2025ஆம் ஆண்டில் தன் 12ஆவது பட்டத்தைப் பெற்றது. அவ்வணியில் இடம் கிடைப்பதே பெரும்பேறு எனப் பள்ளி மாணவியர் கருதினர்.

கிடைத்த வாய்ப்பு

எலீனா 1989ஆம் ஆண்டு டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பிறந்தவர். 6 அடி 5 அங்குல உயரமும், தொலைவிலிருந்து குறி தவறாமல் பந்தை எறியும் திறமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். பள்ளி நாட்களிலேயே தொடர்ச்சியாக 80 ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிடாமல் கூடையில் சேர்த்துச் சாதனை படைத்தார். பள்ளி இறுதி ஆண்டில் நாட்டின் தலைசிறந்த மாணவ வீராங்கனையாக மதிக்கப்பட்டார். கனெடிகட் பல்கலைக்கழகம் உதவித்தொகையுடன் அவரை அழைத்தது. அவரும் இசைந்தார். 2008ஆம் ஆண்டு சூன் மாதம், 18ஆம் வயதில், அங்குச் சென்று சேர்ந்தார்.

இரண்டே நாட்கள்தாம் சென்றன. எலீனா அவ்வளாகத்தை விட்டு நீங்கி வீடு திரும்பினார்.

அவருடைய அக்காள் பார்வையும் செவிப்புலனும் இன்றி, மூளை முடக்குவாதத்துடன் பிறந்தவர். தொடுதலாலும் மணத்தாலுமே தம் உறவினரை அவர் அறிவார். மற்ற மாணவியர் வீட்டாரின் நினைவு வந்தால் தொலைபேசியில் பேசி ஆறுதல் பெறலாம். எலீனாவின் குரலோ அக்காளைச் சென்றடைய வழியில்லை. அருகில் சென்று கையைப் பற்றினாலன்றித் தங்கை வந்திருப்பதை அவர் உணர இயலாது. மேலும், சிறுவயது முதல் ஓய்வின்றி ஆடியதனால் ஆட்டத்தின்மீது தமக்குச் சலிப்பு ஏற்பட்டிருந்ததையும் எலீனா பின்னாளில் மறைக்காமல் கூறினார்.

இழப்பும் ஈட்டமும்

அவர் துறந்தது எளிய பொருளன்று. அவர் நீங்கிய பின்னர் கனெடிகட் அணி தொடர்ந்து 90 ஆட்டங்களில் வென்றது. 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டத்திலும் தோல்வியுறாமல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. எலீனா அங்கேயே தங்கியிருந்தால் அவ்வெற்றிகளில் அவருக்கும் பங்கு இருந்திருக்கும். அவருடைய முடிவைக் குறைகூறியோர் பலர்.

எலீனா தம் வீட்டிற்கு அருகிலிருந்த டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டில் கூடைப்பந்தைத் தொடாமல் கைப்பந்து அணியில் ஆடினார். ஓராண்டு இடைவெளி அவருடைய சலிப்பைப் போக்கியது. 2009ஆம் ஆண்டு அவர் கூடைப்பந்துக்குத் திரும்பினார். இடையில் லைம் என்னும் நோய் தாக்கியதால் பல ஆட்டங்களை இழந்தார். ஆயினும் தளரவில்லை. 2011-12ஆம் பருவத்தில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 28.1 புள்ளிகள் ஈட்டி நாட்டிலேயே முதலிடம் பெற்றார். 2013ஆம் ஆண்டு 64 அணிகள் பங்கேற்ற தேசியப் போட்டியில் டெலவேர் அணி முதன்முறையாக இறுதிப் பதினாறு அணிகளுள் ஒன்றாயிற்று. அத்துடன் அதன் பயணம் தோல்வியில் முடிந்தது. கல்லூரி வாழ்வில் எலீனாவுக்குத் தேசியப் பட்டம் கிட்டவேயில்லை. அவர் ஈட்டிய மொத்தப் புள்ளிகளோ 3,039.

அதே ஆண்டு தொழில்முறைத் தேர்வில் சிக்காகோ அணி அவரை இரண்டாவது வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. இம்முறை அவர் வீட்டை விட்டு நெடுந்தொலைவு சென்றார். 18ஆம் வயதில் இயலாத பிரிவு, 23ஆம் வயதில் இயன்றது. 2015ஆம் ஆண்டு கூட்டமைப்பின் மிகச்சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இடம்பெற்றார். 2017ஆம் ஆண்டு தம் ஊருக்கு அணித்தான வாசிங்டன் அணிக்கு மாறினார். 2019ஆம் ஆண்டு அவ்வணி முதன்முறையாகப் பட்டம் வென்றது. மிகச்சிறந்த வீராங்கனை விருதும் இரண்டாம் முறையாக அவரை வந்தடைந்தது.

மற்றொரு வழி

வலிமை மிக்க அணியை நாடுவது தவறு என்று இதனால் கொள்ளுதல் கூடாது. பிரியானா ஸ்டூவர்ட் என்னும் வீராங்கனை அதே கனெடிகட் அணியில் சேர்ந்து, 2013 முதல் 2016 வரை தாம் பயின்ற நான்கு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றார். பின்னர்த் தொழில்முறை ஆட்டத்திலும் முன்னணி வீராங்கனையாக உயர்ந்தார். அவருக்கு அவ்வழி பொருந்தியது. எலீனா தமக்கு எது இன்றியமையாதது என்பதைச் சற்றுக் காலந்தாழ்த்தே உணர்ந்தார். உணர்ந்தபின் அதற்குரிய விலையைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

சொற்பொருள்

வாகை – வெற்றி
இசைந்தார் – உடன்பட்டார்
ஈட்டம் – சேர்த்த பொருள், வருவாய்
அணித்தான – அருகிலுள்ள
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. முதலிடம் 2. அவ்வணி 3. ஒன்றாயிற்று

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. அமெரிக்க வீராங்கனையருக்குக் கல்லூரித் தேர்வு முதன்மையானதாக அமைவது ஏன்?
2. தொலைபேசி எலீனாவுக்குப் பயன்படாமைக்குக் காரணம் யாது?
3. கைப்பந்து ஆடிய ஓராண்டு எலீனாவுக்கு எவ்வாறு உதவியது?

இ. ஒரு பத்தியில் விடை தருக.
1. எலீனா இழந்தவற்றையும் பெற்றவற்றையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ‘18ஆம் வயதில் இயலாத பிரிவு, 23ஆம் வயதில் இயன்றது.’ இத்தொடரை விளக்குக.

ஈ. சிந்தித்து எழுதுக.
வெளியூரில் உள்ள சிறந்த கல்லூரி ஒன்றில் உம் தோழிக்கு இடம் கிடைத்துள்ளது. செல்வதா, வீட்டருகே பயில்வதா என அவர் தயங்குகிறார். முடிவை அவரிடமே விட்டு, அவர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றைக் குறிப்பிட்டு மடல் எழுதுக.